சாட்சியத்தில் விடுபட்ட இரண்டு கைகள்

ஆனி மாதத்தில் சித்தூர்க் காற்றைக் குடிக்கலாம். மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடத் தொடங்கிவிட்டால் காலையில் அது தேன், மதியத்தில் புளிப்பு, சாயங்காலத்தில் ஈ மொய்க்கிற கனம். நேற்று ஜன்னலைத் திறந்தேன். அந்த வாசனை கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கூடவே போன் அடித்தது. திருப்பதி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து மூன்று வருடமாகும் வசந்தி.

"அக்கா, ஒரு சந்தேகம். இப்ப வெளியூரு சாட்சிங்கள வீடியோவுல விசாரிக்கிறோம் இல்ல? சத்தியவேட்டுலருந்து ஒரு பெரியவரு. இப்படி வந்தான், இப்படி புடிச்சான்றாரு. ஸ்கிரீன்ல மூஞ்சி மட்டுந்தான் தெரியுது. கை கீழ எங்கியோ கீது. ஜட்ஜ் ஐயாவுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

"கேமராவ கொஞ்சம் பின்னால தள்ளச் சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அதக் கத்துக்கறதுக்கு எனக்கு ஒரு லாரி தேவப்பட்டுச்சி."

"லாரியா?" என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எழுதி அனுப்புங்க அக்கா, எங்க செக்‌ஷன்ல எல்லாரும் படிப்போம் என்று சொல்லி வைத்துவிட்டாள். எழுதுகிறேன்.

நான் நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போட இரண்டும். இந்தத் தகுதியை நம்பித்தான் அரசாங்கம் என்னைக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வைத்துச் சம்பளம் கொடுத்தது. ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என்னால் உட்கார முடியாது; இருபத்தைந்து வருடம் நின்றே பேசிய உடம்பு இது, நாற்காலியைக் கண்டால் சந்தேகப்படுகிறது.

வேலை பழகியதெல்லாம் திருப்பதியில், இரண்டு வருடம். அதில் சொல்ல ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. பர்ஸைப் பறிகொடுத்த ஆரணிக்காரர் ஒருவரிடம், திருடன் எப்படி இருந்தான் என்று கேட்டார்கள். அவர் உள்ளங்கையை நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரே இழுப்பாக வழித்துக் காட்டினார். மொட்டை. வக்கீல் எழுந்து, "இந்த ஊரில் அந்த அடையாளத்துக்கு யாரைப் பிடிப்பது? சாட்சியே மொட்டைதானே!" என்றார். ஆரணிக்காரர் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், எனக்கும் டவுட்டா கீது" என்றார்.

பிறகு சித்தூர். அங்கே எனக்கு வாய்த்த நீதித்துறை நடுவர் கோதாவரிக் கரைக்காரர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தெலுங்கு பேசினால் பாயசம் ஊற்றுவதுபோல் இருக்கும்; இங்கிலீஷில் டிக்டேட் செய்தால் ஆணி அடிப்பதுபோல் இருக்கும். மேசையில் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தார், ஓரங்கள் மழுங்கிப்போன பன்னிரண்டு அங்குல ஸ்கேல். சாட்சி யாராவது கையை விரித்து "இவ்ளோ பெரிய கல்லு" என்று சொன்னால் போதும். "அப்படியே நில்லுங்கள், அசையாதீர்கள்" என்பார். குமாஸ்தா ஸ்கேலோடு இறங்கிப்போய் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அளப்பார். சாட்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தையற்கடையில் நிற்பவரைப்போல் நிற்பார். "ஒன்றே கால் அடி" என்று பதிவாகும்.

ஒருமுறை ஒரு பெண், காணாமல்போய்க் கிடைத்த தன் பிள்ளையின் உயரத்தைக் காட்டினாள். உள்ளங்கை வானத்தைப் பார்த்திருந்தது. "ஏன் அம்மா, கையைக் கவிழ்த்துக் காட்டினால் அளக்கச் சுலபமாக இருக்குமே?" என்று கேட்டார் ஐயா. நான் தமிழில் கேட்டேன். அவள் என்னை முறைத்தாள். "கவுத்துக் காட்டினா அமுக்கற மாதிரி ஆயிடாதா? புள்ள வளர வாணாமா?" ஐயா தலையாட்டினார். பதிவில், "சாட்சி உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மூன்று அடி" என்று ஏறியது. அந்த 'மேல்நோக்கி' எதற்கு என்று மேல் நீதிமன்றத்தில் யாராவது யோசித்திருப்பார்கள். எனக்கு அந்தச் சொல்லின்மேல் இன்னமும் ஆசை.

ஆனால் 'இவ்வளவு'க்குத்தான் ஸ்கேல் இருந்தது. 'இப்படி'க்கு இல்லை. சாட்சிகள் வாக்கியத்துக்கு நாலு 'இப்படி' போடுவார்கள். அவற்றைத் தூக்கிவிடுவது எங்கள் அலுவலகத்தின் எழுதாத வழக்கம். இப்படி, வந்து, அதாவது, கேட்டியா எல்லாம் ஒரே குப்பைக்கூடை. நான் அதில் கெட்டிக்காரி. சாட்சி வாய் மூடுவதற்குள் சுத்தம் செய்த வாக்கியத்தைத் தெலுங்கில் நீட்டிவிடுவேன். எனக்குப் பெருமைகூட இருந்தது.

சாட்சியம் பதிவாகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி தமிழில் சொல்வார். நான் தெலுங்கில் சொல்வேன். ஐயா இங்கிலீஷில் சொல்வார். கீழே தட்டச்சு மெஷின் மூன்று கார்பன் வைத்து அடிக்கும். கடைசியில் அந்தத் தாளை நான் வாங்கி, சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். சரி என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். தமிழில் கிளம்பிய வாக்கியம் இரண்டு வீடுகளில் தங்கிவிட்டுத் தன் வீட்டுக்கே திரும்பிவந்து கதவைத் தட்டும். பெரும்பாலும் வீட்டுக்காரர் பார்த்ததும் திறந்துவிடுவார். ஒரே ஒருமுறை, "யாரு நீ?" என்று கேட்டுவிட்டார்.

அதுதான் லாரி வழக்கு.

அது ஊரே வெளியே ஓடிக்கொண்டிருந்த காலம். சித்தூரைச் சுற்றிக் கூழ் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பங்காருபாளையத்துத் தோப்புகளிலிருந்து கிளிமூக்கு மாங்காய் லாரிலாரியாக வந்து, கூழாகி, டின்னில் ஏறிக் கப்பலில் போயிற்று. மனிதர்களும் அதே வேகத்தில் குவைத்துக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு இரண்டு எஸ்.டி.டி. பூத்.

பலமனேர் சாலையில் ஓர் ஆலை. சரக்கு இறக்கும் மேடைக்குப் பின்வாக்கில் வந்த லாரி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பின்னால் நின்று வழிகாட்டிக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் கங்காதரத்தின் காலை மேடையோடு சேர்த்து நசுக்கிவிட்டது. எலும்பு முறிவு. நாலைந்து மாதத்தில் எழுந்து நடந்துவிட்டார். ஆனால் வழக்கு எழுந்து நடக்க இரண்டு வருடமாயிற்று. "நான் சாலு, சாலு என்று கத்தினேன், டிரைவர் கேட்காமல் வந்து இடித்தான்" என்பது அவர் புகார். சாலு என்றால் தெலுங்கில் போதும்.

டிரைவர் முனிரத்தினம், சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழன், முப்பது வயது இருக்கும். "கை வா வான்னு கூப்ட்டுது சார், கண்ணாடில பாத்துக்கினுதான் வந்தேன்" என்பதை முதல் நாளிலிருந்து மாற்றாமல் சொன்னான். நம்ப ஆளில்லை. அந்த நேரத்தில் அவன் மைத்துனன் குவைத்திலிருந்து டிரைவர் வேலைக்கு விசா அனுப்பியிருந்தான். தேதி முடிய ஒரு மாதம்தான். தண்டனை ஆகிவிட்டால் அந்த விசாவை மடித்து லாரிச் சக்கரத்துக்கு அணை வைக்கலாம்.

அவன் மனைவி தெய்வானை ஒரு வாய்தாவும் விடாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். கோர்ட்டில் பேசக் கூடாது என்பதால் இருவரும் கையால் பேசிக்கொள்வார்கள். அவள் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோவாள்: துன்னியா? அவன் வயிற்றை லேசாகத் தட்டுவான். அவள் உதட்டைச் சுழித்து மணிக்கட்டைத் திருப்புவாள்: பொய். ஒருநாள் ஐயா பார்த்துவிட்டார். "அங்கே என்ன பேச்சு?" தெய்வானை எழுந்து, "பேசவே இல்லியே சாமி!" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அவரால் அதை மறுக்க முடியவில்லை.

கடைசி சாட்சி கன்னியம்மா. புத்தூர்ப் பக்கத்திலிருந்து சீசனுக்கு ஆலையில் காய் அறுக்க வருகிறவள். நாற்பத்தைந்து வயது, அறுத்து அறுத்துக் கறுத்த விரல் நுனிகள். சம்பவத்தை நேரில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். போலீஸில் அவள் சொன்னதாக எழுதியிருந்தது கங்காதரத்தின் புகாரோடு அப்படியே பொருந்தியது. அதனால் யாருக்கும் அவசரமில்லை, யாருக்கும் கவலையில்லை, டிரைவரைத் தவிர.

எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றேன். முகம் ஐயா பக்கம், முதுகு சாட்சிக் கூண்டின் பக்கம், காது மட்டும் பின்னால்.

"நாங்க காய் அறுத்துக்கினு இருந்தோம் சாமி. இவரு லாரிக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தாரு. இந்தக் கையில இப்படிப் புடிச்சிக்கினு, இந்தக் கையால இப்படி இப்படின்னு, சாலு சாலுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. வண்டி பாட்டுக்கு வந்துக்கினே கீது."

மூன்று இப்படி. மூன்றையும் தூக்கினேன். அவற்றோடு கைகளும் போயின. "அவர் லாரிக்குப் பின்னால் நின்று, சாலு சாலு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி வந்துகொண்டே இருந்தது" என்று பளிச்சென்று தெலுங்கில் கொடுத்தேன். ஐயா ஆணி அடித்தார். மெஷின் அடித்தது.

எதிர்ப்புறம் குற்றவாளிக் கூண்டிலிருந்து முனிரத்தினம், "மேடம், கை... அந்தம்மா கையப் பாருங்க மேடம்!" என்றான். "சத்தம் கூடாது" என்று அவனை அடக்கினார்கள். அவன் வக்கீல் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து, முன்விரோதம் உண்டா என்று ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றதும் உட்கார்ந்துவிட்டார். ஐயா பேனாவை மூடினார்.

தாளை வாங்கிக் கன்னியம்மாவுக்குப் படித்தேன், தாளைப் பிடித்த கைகள் அசையாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, "இது யாரு சொன்னது?" என்றாள்.

"நீங்கதாம்மா. இப்பதான சொன்னீங்க."

"நா இத சொல்லலியே."

மறுபடி படித்தேன், நிறுத்தி நிறுத்தி. "எந்த வார்த்த தப்பு? சொல்லுங்க, மாத்திடலாம்."

"வார்த்த எல்லாம் என்துதான் கண்ணு. ஆனா நா சொன்னது இது இல்ல. இதுல அவரு லாரிய நிறுத்தச் சொல்றாரு. அவரு எங்க லாரிய நிறுத்தச் சொன்னாரு? டீயத்தான நிறுத்தச் சொன்னாரு!"

"டீயா?"

"அதான் காட்டினேனே, நீ எங்க பாத்த?"

மறுபடி கைகளால் காட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். இடது கை மார்புக்கு நேராக, விரல்கள் ஒரு டம்ளரைச் சுற்றி வளைந்து, ஊற்றுகிறவரை 'போதும்' என்று தடுப்பதுபோல் மேலே எழும்புகிறது. முகமும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது. வலது கை உடம்புக்குச் சொந்தமில்லாததுபோல் தனியே நீண்டு, உள்ளங்கை தரையைப் பார்க்க, நான்கு விரல்களும் உள்ளே மடங்கி மடங்கி லாரியை வா வா என்று அழைத்துக்கொண்டே இருக்கிறது. வாய் டீக்காரனிடம், கை லாரியிடம். இன்ஜின் சத்தத்தில் டிரைவருக்கு வாய் கேட்டிருக்காது. கண்ணாடியில் கை தெரிந்திருக்கும்.

"இதுல நா கையெழுத்து போட்டா அந்தப் புள்ள கதி இன்னா ஆவும்?" என்றாள் கன்னியம்மா. "பேனாவத் தொட மாட்டேன்."

ஐயா அடுத்த கட்டுக்குள் போய்விட்டிருந்தார். படித்துக்காட்டியதைச் சாட்சி மறுத்தால் திருத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆட்சேபித்தார் என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு அவர் நகரலாம். அப்படி நகர்ந்தால் ஆட்சேபம் ஒரு மூலையில் கிடக்கும். நான் சுத்தம் செய்த வாக்கியம் நடுவில் நின்று தீர்ப்பு எழுதும். சாட்சி குழப்புகிறாள் என்று நான் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். திரும்பினேன். தெய்வானை எழுந்து நின்றிருந்தாள். அவள் கைகள் இரண்டும் அன்று ஒன்றும் பேசவில்லை.

போய் ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்று தெலுங்கில் சொன்னேன். "ஐயா, தப்பு சாட்சியிடம் இல்லை, என்னிடம். நான் இவர் கையைப் பார்க்கவில்லை. மூன்று 'இப்படி'யை விட்டுவிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "மூன்றா? எண்ணியா விட்டீர்கள்?"

கோர்ட் சிரித்தது. என் காது சுட்டது.

அரசு வக்கீல் எழுந்தார்: இது பின்யோசனை, யாரோ இடைவேளையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "இடைவேளை இன்னும் வரவே இல்லையே" என்றார் ஐயா. பிறகு கன்னியம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றி, லாரியை விட்டுவிட்டு மாங்காயைப் பற்றிக் கேட்டார். எப்படி அறுப்பீர்கள், கொட்டையை எப்படி எடுப்பீர்கள். அவள் சொல்லச் சொல்லக் கைகள் அறுத்தன, பிதுக்கின, எறிந்தன. அந்த ஓட்டத்திலேயே, "சரி, அப்புறம் லாரி வந்ததா?" என்றார். கன்னியம்மா சொன்னாள். இடது கை டம்ளர், வலது கை அழைப்பு. அதே இடம், அதே மடக்கு.

"இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லுங்கள்."

அவள் கட்டிக்கொண்டாள். "அவரு... லாரிக்குப் பின்னால..." நின்றுவிட்டாள். தோள்கள் மட்டும் துடித்தன. "கையக் கட்டினா வாய்க்கு வழி தெரியலியே சாமி!"

அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ஐயா சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பின் பெஞ்சில் இருந்த கங்காதரத்தை எழுப்பி முன்னால் வரச்சொன்னார். லாரியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"அன்று டீ குடித்தீர்களா?"

"குடிச்சேன் சார்." யோசித்தார். "பாதி."

"மீதி?"

"கொட்டிடுச்சி சார். வண்டி வந்துடுச்சில்ல."

"எந்தக் கையில் வைத்திருந்தீர்கள்?"

கங்காதரம் இடது கையைத் தூக்கினார். தூக்கிய கையைத் தானே பார்த்தார். அப்புறம் மெதுவாக, யாரோ இன்னொருவருடையதைப் பார்ப்பதுபோல, வலது கையைப் பார்த்தார். அவர் பொய்யர் இல்லை. சாலு என்று சொன்னது அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இருந்தது. யாரிடம் சொன்னோம் என்பதுதான் அந்த வலியில் கரைந்துபோயிருந்தது. "அந்தக் கை என்ன பண்ணிக்கினு இருந்துச்சின்னு நான் பாக்கலியே சார்" என்றார்.

அதன்பிறகு கால் மணி நேரம் ஒரே ஒரு வாக்கியத்துக்காகப் போயிற்று. 'இப்படி' என்று எழுத மாட்டேன் என்றார் ஐயா. இந்தத் தாளை ஐதராபாத் ஹைகோர்ட்டில் படிக்கிற கண்ணுக்கும் அந்தக் கை தெரிய வேண்டும். தன் கையையே நீட்டி மடக்கிப் பார்த்தார். உள்ளங்கை எந்தப் பக்கம்? விரல் நான்கா, ஐந்தா? கட்டைவிரல் சேருமா? குமாஸ்தா மடக்கிப் பார்த்தார், அரசு வக்கீல் மடக்கிப் பார்த்தார், கதவோரம் நின்ற போலீஸ்காரர் மடக்கியதும் வராந்தாவில் இருந்த ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே வந்துவிட்டார்.

கடைசியில் ஏறியது இது: "சாட்சி இடது கையை மார்பு உயரத்தில் வளைத்து டம்ளர் பிடிப்பதாகக் காட்டுகிறார். வலது கையை, உள்ளங்கை தரை நோக்க நீட்டி, நான்கு விரல்களையும் திரும்பத் திரும்பத் தன் பக்கம் மடக்குகிறார். சொல் இடது பக்கம் இருந்தவருக்கு, செய்கை லாரிக்கு." நான் அதைக் கன்னியம்மாவுக்குப் படித்தேன், இந்த முறை என் கைகளையும் உடன்வைத்து. "ஆங், இதுதான் நா சொன்னது" என்று பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதினாள்.

ஐயா என்னைப் பார்த்து, "இனிமேல் சாட்சியைப் பார்த்து நில்லுங்கள்" என்றார். "என் முகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" தண்டனை அவ்வளவுதான். ஓய்வு பெறும் நாள்வரை அந்தத் திசையில்தான் நின்றேன்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு: விடுதலை. வாசலில் கங்காதரம் முனிரத்தினத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணா, நீங்க ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு குடிங்க. எனக்கு பயமா கீது" என்றான் அவன். கங்காதரம் சிரித்த சிரிப்பில் மறுபடியும் பாதி டீ கொட்டிற்று.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். சென்னை பஸ்ஸின் ஜன்னலில் முனிரத்தினம். புதுச் சட்டை, மடியில் ரெக்ஸின் பை. கீழே தெய்வானை. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து நிற்கப் பார்த்துக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டான்.

"மேடம், விசா தேதிக்கு இன்னும் எட்டு நாளு கீது!" என்றான்.

"போதும் போதும்" என்றேன். மூவரும் சிரித்தோம்.

டிரைவர் ஏறினார். இன்ஜின் உறுமத் தொடங்கியது. தெய்வானை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் பூத்துல ஒக்காந்துக்கினு இருப்பேன். மறக்காம போன் பண்ணு" என்றாள். அவன் தலையாட்டினான். "வேளைக்குத் துன்னு" என்றாள். அவன் வழக்கம்போல் வயிற்றைத் தட்டிக் காட்டினான். பஸ் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள், சத்தத்துக்கு மேலே கத்தினாள்:

"அங்க போய் போன்ல கையக் காட்டாத, எனக்குத் தெரியாது! கை இன்னா சொல்லுதோ, அதையும் வாயால சொல்லு!"